மணலில் எழுதிய விரல்



பள்ளி விடுவதற்குச் சற்று முன்பு ஒரு நாள், முதலாம் ஆண்டுப் பிள்ளையை அழைத்துப் போக வந்த தாயார் ஒருவர் வகுப்பறை வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சில பிள்ளைகள் தட்டில் மணலைப் பரப்பி, விரலால் ‘அ’ எழுதிக் கொண்டிருந்தார்கள். வேறு சிலர் ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக் கொண்டிருந்தார்கள். அதைக் கண்ட அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. “டீச்சர், பிள்ளையைப் படிக்கத்தானே அனுப்புறோம்? மண்ணுல விளையாடுறதுக்கு எங்க வீட்டு வாசலே போதுமே!” என்று கேட்டுவிட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பள்ளி நேரம் பொன்னான நேரம். அது வீணாகக் கூடாது என்று தாய் நினைப்பது இயல்பே. ஆனால் அந்த மணல் தட்டு நேற்று முளைத்த புதுமை அன்று. அது நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பள்ளிக்கூடத்தின் கரும்பலகை. நம்மிடமிருந்து அது கடல் கடந்து போன கதையும் உண்டு. அதை நாமே இழந்துவிட்ட கதையும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1623ஆம் ஆண்டு. பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய நாட்டுப் பயணி தென்னிந்தியாவின் மேற்குப் பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்தார். வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்க நேர்ந்தது. அங்கே நான்கு சிறுவர்கள் கணக்குப் பாடம் படித்துக் கொண்டிருந்தார்கள். ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. தரையில் மெல்லிய மணலைத் தூவியிருந்தார்கள். ஒருவன் பாடத்தை இராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவான். மற்றவர்களும் அப்படியே சொல்லி எழுதுவார்கள். தரை நிறைந்துவிட்டால் அழித்துவிட்டுப் புது மணலைத் தூவிக்கொள்வார்கள். ஐயம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பயணி கேட்டார். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மறந்துபோகாது, ஒருவருக்கு மறந்தால் மற்றவர் சொல்லிக் கொடுப்போம் என்ற பொருளில் அந்தப் பிள்ளைகள் விடை கூறினார்களாம். அவர் வியந்து போய் அதைத் தம் கடிதத்தில் எழுதி வைத்தார்.

அந்தச் சின்ன மண்டபத்துக் காட்சியில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. வாய் சொல்கிறது, விரல் எழுதுகிறது, தோழன் திருத்துகிறான். வாயும் கையும் தோழமையும் சேர்ந்ததே அன்றையப் பாடம்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் இதே முறைதான். பிள்ளை முதலில் மணலில் விரல் பிடித்து எழுதும். கை பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க முடியாது. மணலில் எழுதியதை ஆயிரம் முறை அழித்து எழுதலாம். தவறு செய்ய அஞ்ச வேண்டியதில்லை. அதுதான் மணலின் பெருமை. முன்னதாகக் கற்ற மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இத்தகைய பள்ளிகள் எத்தனை இருந்தன? சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். மக்கள் தொகையோ ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம். அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவில் இருந்திருக்கிறது.

ஆயினும் பழமையை வீணாகப் புகழ்ந்து பயனில்லை. அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகளை மிக அரிதாகவே காண முடிந்தது. நிலத்தில் பாடுபட்ட ஏழை மக்களின் பிள்ளைகளுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கே இடமில்லை. பிரம்படியும் கொடுமையான தண்டனைகளும் உண்டு. பிற்காலத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர்களில் மிகப் பலர் அந்தத் திண்ணையில் உட்கார வாய்ப்புப் பெறாதவர்களே. ஆகவே மணல் முறை நல்லது. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இந்த மணல் எப்படிக் கடல் கடந்தது? ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லம் ஒன்று தொடங்கப்பட்டது. பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அதன் மேற்பார்வைப் பொறுப்பைப் பெல் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஆசிரியர்களுக்கோ அக்கறை இல்லை. மனம் நொந்திருந்த பெல் ஒரு நாள் காலையில் குதிரையில் சென்றபோது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். ‘கண்டுகொண்டேன்’ என்று அவர் உள்ளம் துள்ளியது.

திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யும்படி ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. “மண்ணில் எழுதுவதா?” என்று அன்றைக்கும் ஒரு கேள்வி இருந்திருக்கிறது போலும்! பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். பெரிய ஆசிரியர்களால் முடியாததை அந்தச் சிறுவன் முடித்துக் காட்டினான். நம் சட்டாம்பிள்ளை முறைதான் இது!

பெல் 1796இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு, 1797இல், தம் அனுபவத்தை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. 1811இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அங்கே தொடங்கப்பட்ட தேசியக் கல்விக் கழகம் அம்முறையை ஏற்று, நாடெங்கும் பள்ளிகளை நடத்தியது. பெல் 1832இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே பெயர். மணலைக் காட்டிக் கொடுத்த அந்தத் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்தான் நமக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் பெரியவர்களை முதலில் கவர்ந்தது மணலின் மலிவுதான். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். ஓர் ஆசிரியர் இருந்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளைக் கொண்டே நடத்திவிடலாம். இப்படிக் கணக்குப் பார்த்ததால், நாளடைவில் அந்தப் பள்ளிகள் வரிசை வரிசையாகப் பிள்ளைகளை நிறுத்தி ஒப்பிக்க வைக்கும் இயந்திரங்களாக மாறின. மணல் இருந்தது, மணலின் உயிர் போய்விட்டது. குழந்தை தானாகச் செய்து, தவறி, அழித்து, மீண்டும் செய்யும் உரிமையே அந்த உயிர்.

சரி, அதே காலத்தில் நம் பினாங்கில் என்ன நடந்தது? பெல் சென்னைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, 1786இல், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். சென்னையும் பினாங்கும் ஒரே கம்பெனியின் கைக்குள் இருந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் தொழிலாளர்களும் இங்கே வந்து குடியேறினார்கள். சூலியா தெரு என்ற பெயர் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

1816ஆம் ஆண்டு பாதிரியார் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் முயற்சியால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தோன்றியது. அதன் தொடக்கக் குழுவினர் வகுத்த திட்டத்தில் நமக்கு வேண்டிய செய்திகள் சில உள்ளன. எழுத்தும் படிப்பும் கணக்கும் கற்பிக்கப்பட வேண்டும். தகுந்த வயதில் பயனுள்ள கைத்தொழில்களும் கற்பிக்கப்பட வேண்டும். எந்தச் சமயத்தாரின் மனமும் புண்படக் கூடாது. மலாய், சீன, சூலியாப் பெற்றோர் விரும்பினால் அவரவர் தாய்மொழியையும் கற்பிக்க வேண்டும். அங்கே தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கொண்டு, 2016இல் மலேசியாவில் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். பார்க்குவார் தெருவில் நெடுங்காலம் நடந்த அப்பள்ளி 1928இல் கிரீன் லேனுக்கு மாறியது. பழைய கட்டடம் பின்னாளில் மாநில அருங்காட்சியகம் ஆயிற்று.

கையும் கல்வியும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆக இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பினாங்கில் எழுத்தில் இடம் பெற்றிருந்தது. ஆனால் அந்த எண்ணம் நகரத்திலிருந்து தோட்டத்திற்கு வந்து சேரவில்லை.

தோட்டத்தில் நடந்தது என்ன? இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் நிலப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ் மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. பெற்றோர் வெளிக்காட்டுக்கும் பால் வெட்டுக்கும் போய்விட, கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடந்தது. சற்று வளர்ந்த பிள்ளை தங்கையைப் பார்த்துக்கொண்டது, புல் பிடுங்கியது, ஒட்டுப்பால் பொறுக்கியது, மங்கு துடைத்தது. கல்விக்குரிய கை, கூலிக்குரிய கையாயிற்று.

1923இல் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரை உள்ளவர்கள், பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்ற கடமை முதலாளிமார் மேல் விழுந்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. வாத்தியார் என்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோதான். பயிற்சி இல்லை, பொருள் இல்லை, பல வகுப்புகளுக்கு ஒரே ஆள். அவரும் என்ன செய்வார்? கையைக் கட்டச் சொல்லி, உரக்கச் சொல்ல வைத்தார். கைகட்டி, வாய் திறந்து ஒப்பிப்பதே படிப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியது இப்படித்தான். அந்த வாத்தியார்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தோட்டத்தில் தமிழ் எழுத்தே இருந்திராது. ஆயினும், மணலில் எழுதிய விரல் அங்கே மடங்கிப் போனது உண்மை.

இந்த இடைக்காலத்தில் உலகின் மற்றப் பகுதிகளில் குழந்தையின் கையைப் பற்றிப் புதிய சிந்தனைகள் எழுந்தன. ஜெர்மனி நாட்டில் பிரெடரிக் புரோபல் என்பவர் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கூடத்தைத் தொடங்கினார். கம்பளி நூல் பந்து, மரக் கட்டை, உருளை முதலியவையே அங்கே பாடப் பொருள்கள். 1840இல் அதற்கு ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயரிட்டார். விளையாட்டைக் கண்டு அஞ்சிய அரசும் உண்டு. 1851இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. 1860இல்தான் தடை நீங்கியது. குழந்தை தானாகச் சிந்திக்கப் பழகினால் நாளை கேள்வி கேட்குமே என்ற அச்சம் போலும்!

அடுத்து, நம் தொழிலாளர் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஒரு கதை. இத்தாலியின் தலைநகரான ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அடுக்குமாடிக் குடியிருப்பில் தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தனியே அலைந்து, சுவரைக் கீறிப் படியை அழுக்காக்கினார்கள். நம் பழைய லயத்தையும் ஆயாக் கொட்டகையையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரைக் கேட்டார்கள். 1907 ஜனவரி 6ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

மாண்டிசோரி அம்மையார் செய்தது என்ன? பித்தான் போடுதல், நீர் ஊற்றுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளையே பாடமாக்கினார். உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார். கண் பார்க்க, விரல் தடவ, காது ஒலியைக் கேட்க, எழுத்து மனத்தில் பதிந்தது. நான்கு ஐந்து வயதிலேயே பிள்ளைகள் எழுதத் தொடங்கியதைக் கண்டு ரோம் நகரமே வியந்தது. நம் திண்ணையைப் பார்த்து அவர் இதைக் கற்கவில்லை. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் வழியில் வந்தவர் அவர். ஆயினும் மணலில் எழுதிய விரலும் உப்புத்தாளைத் தடவிய விரலும் கண்ட உண்மை ஒன்றே.

அந்த அம்மையார் 1939இல் சென்னைக்கே வந்து சேர்ந்தார்! அடையாற்றில் பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியரான அவர் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி அளித்தார். ஆக, எழும்பூரிலிருந்து புறப்பட்ட விரல் எழுத்து உலகைச் சுற்றிவிட்டு, வேறு வடிவில் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

காந்தியடிகளும் இந்த வழியில் சிந்தித்தவரே. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை அவர் முன்வைத்தார். நூல் நூற்கும் பிள்ளை, நூலின் நீளத்தை அளந்து கணக்கும், பருத்தியின் கதையைக் கேட்டு மண்ணியலும் வரலாறும் கற்றுக்கொள்ளும் என்றார். தமிழ்நாட்டில் 1947இல் தோன்றிய காந்திகிராமம் இந்தக் கல்விக்கு ஒரு நிலைக்களமாயிற்று. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கைவேலை என்ற பெயரில் பிள்ளையை மீண்டும் கூலியாக்கிவிடக் கூடாது. பொருள் உற்பத்திக்காகப் பிள்ளை அன்று. பிள்ளையின் அறிவுக்காகவே பொருள். தோட்டத்தில் பிள்ளைகளின் கை எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியாகத் தோட்டப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1983இல் புதிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணிதம் என்ற மூன்று திறன்களைச் செயல்வழியும் விளையாட்டுவழியும் கற்பிக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியையும் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. ஆகவே நம் பள்ளியில் பிள்ளை மணலில் எழுதினால் அது வாத்தியாரின் சொந்த ஆசை அன்று. நாட்டின் கல்வித் திட்டமே கை வைத்துக் கற்க இடம் தருகிறது.

ஆனால் பள்ளி நேரம் சில மணிதான். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களிடமே இருக்கிறது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. வீட்டில் உள்ளதே போதும். சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, மணல் தட்டு. பழைய தட்டு ஒன்றில் ஒரு விரல் கனத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்புங்கள். மணல் இல்லாவிட்டால் அரிசி போதும். விஜயதசமியன்று கோயிலில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அந்த ஒரு நாள் வழக்கத்தை ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் தொடருங்கள். தமிழ் எழுத்துகள் 247. பெரும்பாலும் வளைவும் சுழியும் கொண்டவை. ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்களுக்குப் பென்சிலை இறுகப் பிடிக்கும் வலு இன்னும் முழுமையாக வந்திருக்காது. ஆனால் சுட்டுவிரலால் ‘ழ’ வரையும் வலு உண்டு. எழுதும்போதே எழுத்தின் ஒலியையும் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கொட்டைக் கணக்கு. புளியங்கொட்டை, போத்தல் மூடி எதுவானாலும் சரி. பத்துப் பத்தாகக் கட்டினால் பத்து, ஒன்று என்ற இட மதிப்பு கையிலேயே விளங்கும். பல்லாங்குழி ஆடத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவரே நல்ல கணித ஆசிரியை. மலாய்ச் சகோதரர்களின் சொங்காக் ஆட்டமும் அதன் உறவுதான். இரு புறமும் ஏழேழு குழிகள், குழிக்கு ஏழு காய் வைத்தால் மொத்தம் எத்தனை? பதினான்கு ஏழு, 98. இந்த வாய்ப்பாட்டைப் பிள்ளை அழாமலே கற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ரப்பர் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு, குன்றிமணியும் ஆமணக்கும் அப்படியே. எழுத்துப் பருவத்துக்கு வராத தம்பி தங்கை அருகில் இருந்தால் சிறு காய்களையும் மூடிகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும்.

மூன்றாவது, அளவை. குளிக்கும் நேரத்தில் ஒரு வாளி, ஒரு கோப்பை, ஒரு பால் டின் ஆகியவற்றைக் கொடுங்கள். வாளி நிறைய எத்தனை டின் வேண்டும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு ஊற்றிப் பார்க்கட்டும். ஊகம் தவறினால் சிரியுங்கள், திட்டாதீர்கள். ஊகித்துச் சோதிப்பதே விஞ்ஞானத்தின் முதற்படி. ஆனால் தண்ணீர் வாளியருகில் சிறு பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

நான்காவது, கோலம். புள்ளிகளை எண்ணி வைப்பது எண். வளைத்து இணைப்பது வடிவம். இரு பக்கமும் ஒத்திருக்கச் செய்வது சமச்சீர். ஆண் பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள்.

ஐந்தாவது, முளைப்பு. ஈரத் துணியில் பச்சைப் பயறு பத்து வைத்து, முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணி, முளையின் நீளத்தை ஈர்க்கால் அளந்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முதல் ஆய்வு அதுவே.

இவற்றைச் செய்யும்போது உங்களுக்கு நாங்கள் கூறும் வேண்டுகோள் இரண்டு. பிள்ளையின் கையைப் பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். கோணலானாலும் அதன் கை செய்யட்டும். மற்றொன்று, பிள்ளை செய்ததைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். “எப்படிச் செய்தாய்? இன்னொரு வழி உண்டா?” என்று கேட்டால் கையிலிருந்து அறிவுக்குப் பாதை போகும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தர எங்களுக்குத் தெரியாதே என்று வருந்துகிற பெற்றோர் நம்மிடையே உண்டு. எண்ணவும் அளக்கவும் முளை பார்க்கவும் உங்களுக்குத் தெரியும் அல்லவா? உங்கள் கைகளில் உள்ள அறிவு பிள்ளைக்கு முதற்பாடமாகப் போதும்.

அந்த அம்மாவிடம் நாங்கள் அன்று இவ்வளவும் சொல்ல நேரமில்லை. வண்டி காத்திருந்தது. “அம்மா, நாளைக்கு ஒரு பத்து நிமிடம் முன்னதாக வாங்க” என்று மட்டும் சொன்னோம். மறுநாள் வந்தார். மகள் தன் தட்டில் ‘அம்மா’ என்று மூன்று எழுத்தையும் விரலால் எழுதிக் காட்டினாள். ‘ம்’ மீது புள்ளி வைக்க மறந்தவள், தானே பார்த்து, அழித்து, மீண்டும் எழுதினாள். யாரும் அவளைத் திருத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. அம்மா குனிந்து அந்த மணலை ஒரு நாழி பார்த்தார். பிறகு தம் சுட்டுவிரலை நீட்டி, மகளின் எழுத்துக்குப் பக்கத்தில் தாமும் ஒரு ‘அ’ எழுதிப் பார்த்தார்.

ஒரு காலத்தில் திண்ணையில் இடம் கிடைக்காத கை அது. பிறகு தோட்டத்தில் கூலிக்கு மட்டுமே பழகிய கை. அந்தக் கைக்கும் அந்தப் பிள்ளையின் கைக்கும் இன்று மணல் கிடைத்துவிட்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்தில் நம் பிள்ளைகளின் விரல் வளையட்டும். மணலில் எழுதட்டும், அழிக்கட்டும், மீண்டும் எழுதட்டும்.